பிரிண்டர் ஆன்ல தான் இருக்கு... ஆனா கம்ப்யூட்டருக்கு ஏன் தெரியல? ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று தேடும் கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, விழுப்புரத்தில் வீட்டில் இருந்தேன். சாயந்திரம் ஆறரை மணிக்கு திண்டிவனத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இரண்டு கம்ப்யூட்டர், பிரிண்ட்டும் ஸ்கேனும் செய்கிற ஒரே ஒரு மெஷின், ஒரு வைஃபை ரவுட்டர். கடை அவ்வளவுதான்.

"ஏம்மா, நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே? கரண்ட் போயிட்டு வந்துச்சு. அதிலேர்ந்து பிரிண்டர் ஆஃப்லைன்னே காட்டுது. இங்க பத்து பிள்ளைங்க நிக்குது. ராத்திரி பன்னெண்டு மணியோட அப்ளிகேஷன் முடியுதாம்."

"சித்தப்பா, நான் படிச்சது மீடியா ஸ்டடீஸ்."

"ஏதோ ஒண்ணு. கிளம்பி வா."

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்து, திண்டிவனம் போய்ச் சேர எட்டு மணி ஆகிவிட்டது. கடை வாசலில் கூட்டம். எல்லோருக்கும் ஒரே வேலை: ஒரு உறுதிமொழிப் படிவத்தை பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து திரும்ப அப்லோட் செய்ய வேண்டும். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது. ஜெராக்ஸ் போட்டால் வருகிறது. ரவுட்டர் வேலை செய்கிறது. கம்ப்யூட்டரில் யூடியூப் ஓடுகிறது. ஆனால் பிரிண்ட் கொடுத்தால் மட்டும் 'ஆஃப்லைன்'.

பிரிண்டரை ஆஃப் செய்து ஆன் செய்வது, டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடுவது என்று நாம் வழக்கமாகச் செய்வதை எல்லாம் சித்தப்பா ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார். உங்கள் ஆபீஸிலும் வீட்டிலும் இதே கதை நடந்திருக்கும். நாலடி தூரத்தில் இருக்கும் இரண்டு மெஷின்கள், ஒரே வைஃபை. அப்புறம் ஏன் ஒன்று இன்னொன்றைப் பார்க்க முடியவில்லை?

ஒரு மெஷினுக்கு ஏன் இரண்டு முகவரி?

நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. முதலாவது 'மேக்' முகவரி. கருவியைத் தயாரிக்கும்போதே அதன் வைஃபை சிப்பிலோ நெட்வொர்க் கார்டிலோ பதிக்கப்படுவது. 48 பிட் நீளம். இரண்டிரண்டாகப் பிரித்து ஆறு ஜோடிகளாக எழுதுவார்கள். முதல் மூன்று ஜோடிகள் எந்த நிறுவனம் தயாரித்தது என்பதைச் சொல்லும். அந்த எண்களை நிறுவனங்களுக்கு ஒதுக்கித் தருவது ஐ.இ.இ.இ. என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு.

இரண்டாவது, ஐ.பி. முகவரி. 192.168.1.4 என்கிற மாதிரி இருக்கும். இது பிறப்பில் வருவது இல்லை. எந்த நெட்வொர்க்கில் போய்ச் சேர்கிறதோ, அங்கே கிடைப்பது.

ஆதார் எண்ணும் வீட்டு முகவரியும் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆதார் எண் ஆளுடன் கூடவே வரும், ஆனால் அதைப் பார்த்து அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. வீடு மாறினால் முகவரி மாறும், ஆனால் தபால்காரருக்கு வேண்டியது அதுதான்.

இன்னொரு வேடிக்கை. விழுப்புரத்தில் எங்கள் வீட்டு வைஃபையில் என் போனின் ஐ.பி. 192.168.1.5. அதே நேரத்தில் திண்டிவனம் கடையில் ஒரு கம்ப்யூட்டரின் ஐ.பி.யும் 192.168.1.5 தான். குழப்பம் வராதா? வராது. ஊருக்கு ஊர் ஒரு காந்தி தெரு இருக்கிற மாதிரி. 32 பிட் நீளமுள்ள ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். உலகில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் அது போதாது என்று தெரிந்ததும், 1996 பிப்ரவரியில் மூன்று வரிசைகளை 'இதை யார் வேண்டுமானாலும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளி இன்டர்நெட்டில் செல்லாது' என்று ஒதுக்கிவைத்தார்கள். 192.168 என்று ஆரம்பிப்பது அதில் ஒன்று. 10 என்று ஆரம்பிப்பது இன்னொன்று. 172.16 முதல் 172.31 வரை மூன்றாவது.

சாவி கொடுக்கும் லாட்ஜ் மேனேஜர்

சரி, அந்த ஐ.பி.யை யார் கொடுக்கிறார்கள்? உங்கள் ரவுட்டர்தான். அதற்குள் ஓடும் டி.எச்.சி.பி. என்ற ஏற்பாடு 1993இல் வரையறுக்கப்பட்டது. புதிதாக வந்த போனுக்கு யாரையும் தெரியாது, சொந்த முகவரியும் கிடையாது. அதனால் அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும், பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்றும் போட்டு ஒரு செய்தியை விடும். 'இங்கே ரூம் கொடுக்கிறவர் யாராவது இருக்கீங்களா?' ரவுட்டர் 'இந்த நம்பர் காலி' என்று காட்டும். போன் 'அதையே எடுத்துக்கறேன்' என்று சொல்லும். ரவுட்டர் 'சரி, இத்தனை மணி நேரத்துக்கு உனக்கு' என்று முடிக்கும். நாலே நாலு செய்தி. நீங்கள் 'கனெக்டட்' என்று பார்ப்பதற்குள் முடிந்துவிடும்.

அந்த 'இத்தனை மணி நேரத்துக்கு' என்பதுதான் முக்கியம். ஐ.பி. என்பது சொந்த வீடு இல்லை, லாட்ஜ் ரூம். கெடுவில் பாதி கழிந்ததும் கருவி தானாகவே நீட்டிப்புக் கேட்கும். கேட்காமல் போனால் ரூம் வேறு ஆளுக்குப் போகும்.

கடையில் நடந்தது இதுதான். கரண்ட் போனபோது ரவுட்டரும் பிரிண்டரும் சேர்ந்தே அணைந்தன. பல வீட்டு ரவுட்டர்களைப் போலவே, எந்த ரூம் யாரிடம் இருக்கிறது என்ற பதிவேட்டை இதுவும் மறந்துவிட்டது. கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழுந்தது. பிரிண்டர் எழுவதற்கு ஒரு நிமிஷம் ஆகும். மை உறிஞ்சி, தலையை ஆட்டி, சத்தம் போட்டுவிட்டுத்தான் வரும். அதற்குள் வரிசையில் நின்ற ஒரு பிள்ளையின் போன் உள்ளே வந்து 192.168.1.4ஐ வாங்கிக்கொண்டது. அது நேற்று வரை பிரிண்டரின் நம்பர். தாமதமாக வந்த பிரிண்டருக்கு 192.168.1.9 கிடைத்தது.

கம்ப்யூட்டர்களுக்கு இந்த மாற்றத்தை யாரும் சொல்லவில்லை. 'பிரிண்டர் என்றால் 1.4' என்று இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ செட் செய்துவிட்டுப் போனதை நம்பி, படிவங்களை எல்லாம் ஒரு பிள்ளையின் பாக்கெட்டில் இருந்த போனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. போனுக்குப் படிவத்தை வைத்து என்ன செய்வது என்று தெரியாது. மறுத்துவிட்டது. கம்ப்யூட்டர் அதற்குப் போட்ட பெயர்தான் 'ஆஃப்லைன்'.

இடையில் ஒரு விஷயம். உங்கள் லேப்டாப்பில் ஐ.பி. 169.254 என்று ஆரம்பித்தால், லாட்ஜ் மேனேஜரே ஆளைக் காணோம் என்று அர்த்தம். விண்டோஸ் 98 காலத்திலிருந்து இந்த வழக்கம் உண்டு: ரூம் கொடுக்க யாரும் இல்லை என்றால், கருவி தானாகவே அந்த வரிசையில் ஒரு நம்பரை எடுத்து, 'இது யாராவது வெச்சிருக்கீங்களா?' என்று கேட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் வைத்துக்கொள்ளும். பக்கத்துக் கருவியுடன் பேசலாம், இன்டர்நெட் வராது. அப்போது லேப்டாப்பை நோண்டுவதில் பயனில்லை, ரவுட்டரையோ கேபிளையோ பாருங்கள்.

'1.4 யாருப்பா? கைய தூக்கு!'

இப்போது கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான்.

கம்ப்யூட்டருக்கு 192.168.1.4 என்ற ஐ.பி. தெரியும். ஆனால் ஒரே நெட்வொர்க்குக்குள் வைஃபையிலோ கேபிளிலோ உண்மையில் போய்ச் சேருவது மேக் முகவரியை வைத்துத்தான். ஐ.பி.யை வைத்து மேக்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் யாராவது தொலைந்துபோனால் என்ன செய்வார்கள்? மைக்கில் அறிவிப்பார்கள். "செஞ்சியிலிருந்து வந்த பச்சை சட்டை பெரியவர் எங்கிருந்தாலும் டைம் கீப்பர் ஆபீசுக்கு வரவும்." எல்லோர் காதிலும் விழும். பச்சை சட்டைக்காரர் மட்டும் எழுந்து போவார். மற்றவர்கள் டீயைத் தொடர்வார்கள்.

கம்ப்யூட்டரும் அதையே செய்கிறது. '192.168.1.4 யாரிடம் இருக்கிறது? 192.168.1.5க்குச் சொல்லவும்' என்று எல்லோருக்கும் போகிற மாதிரி கூவும். அந்த ஐ.பி. வைத்திருக்கும் கருவி மட்டும் 'என்னிடம், என் மேக் இது' என்று கேட்டவருக்கு நேராகப் பதில் சொல்லும். கேட்டவர் அதைக் கொஞ்ச நேரத்துக்கு ஞாபகம் வைத்துக்கொள்வார். இதற்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். எம்.ஐ.டி.யில் இருந்த டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் எழுதிய சிறிய ஆவணம். நாற்பது வருஷம் தாண்டியும், நீங்கள் இதைப் படிக்கும் இந்த நிமிஷம் உங்கள் வைஃபையில் அது ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, கவனித்தீர்களா? 'நான்தான் அது' என்று யார் சொன்னாலும் நம்பிவிடுகிறது. அடையாள அட்டை கேட்பதில்லை. சித்தப்பா கடையில் அந்தப் போன் பொய் சொல்லவில்லை, அதனிடம் நிஜமாகவே 1.4 இருந்தது. ஆனால் வேண்டுமென்றே 'நான்தான் ரவுட்டர்' என்று சொல்லி அடுத்தவர் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்ப முடியும். ஏ.ஆர்.பி. ஸ்பூஃபிங் என்ற பழைய திருட்டு இது. பேங்க் ஆப்களும் இன்றைய பெரும்பாலான இணையதளங்களும் செய்தியைப் பூட்டி அனுப்புவதால், இடையில் நிற்பவனுக்கு உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் பூட்டில்லாத பழைய சமாச்சாரங்கள், குறிப்பாக லோக்கல் பிரிண்டர், கேமரா, ஷேர் ஃபோல்டர் இதெல்லாம் வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

விழுப்புரம் ஜங்ஷன் என்ற ரவுட்டர்

பஸ் ஸ்டாண்ட் மைக் விழுப்புரத்தில் கேட்காது. ஏ.ஆர்.பி. கூவலும் அப்படித்தான், ரவுட்டரைத் தாண்டாது. அப்படியானால் யாரைக் கூவிக் கேட்பது, யாரை வெளியே அனுப்பிக் கேட்பது என்று கம்ப்யூட்டர் எப்படி முடிவெடுக்கிறது?

லேண்ட்லைன் காலம் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு எளிது. இல்லாதவர்கள் அப்பாவிடம் கேளுங்கள். விழுப்புரத்துக்கு எஸ்.டி.டி. கோடு 04146. திண்டிவனத்துக்கு 04147. விழுப்புரத்துக்குள்ளேயே பேசினால் நம்பரை மட்டும் சுற்றினால் போதும். திண்டிவனத்துக்கு என்றால் கோடு போட வேண்டும், கால் எக்ஸ்சேஞ்ச் தாண்டிப் போகும். செட்டிங்ஸில் 255.255.255.0 என்று ஒன்று பார்த்திருப்பீர்கள். அது சொல்வது இதுதான்: 'முதல் மூன்று எண்களும் கோடு. அது உன்னுடையதும் அவனுடையதும் ஒன்றாக இருந்தால் லோக்கல், நீயே கூவிக் கேள். வேறாக இருந்தால் கேட்வேயிடம் கொடு.'

கேட்வே என்றால் ஜங்ஷன். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போக வேண்டும் என்றால், முதலில் தெற்கே விழுப்புரம் வந்துதான் ஆக வேண்டும். (பஸ்ஸில் நேரே போய்விடலாம், அது வேறு விஷயம்.) சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைக்கும் தண்டவாளம் பிரிவது அங்கேதான். திண்டிவனம் ஸ்டேஷனில் இருப்பவருக்கு எல்லா லைனும் தெரிய வேண்டியதில்லை. 'நம்ம லைன்ல இல்லாத ஊரா? விழுப்புரத்துல இறங்கு' என்று தெரிந்தால் போதும்.

அதனால்தான் கடையில் யூடியூப் ஓடியது, பிரிண்ட் ஓடவில்லை. யூடியூப் போக கம்ப்யூட்டருக்கு ரவுட்டரின் முகவரி சரியாகத் தெரிந்தால் போதும், அது மாறவில்லை. நாலடி தள்ளி இருந்த பிரிண்டரின் முகவரிதான் தவறு. கலிபோர்னியா எட்டுகிற தூரத்தில் இருந்தது, பக்கத்து மேஜை எட்டவில்லை.

'பாண்டி பாண்டி பாண்டி'

அன்று ராத்திரி எங்களைக் காப்பாற்றியது என் போன். படிவத்தைத் திறந்து 'பிரிண்ட்' என்று அழுத்தினேன், இரண்டு விநாடியில் சித்தப்பாவின் பிரிண்டர் பெயரோடு லிஸ்டில் வந்து நின்றது. கம்ப்யூட்டருக்குத் தெரியாதது போனுக்கு எப்படித் தெரிந்தது?

பஸ் ஸ்டாண்டில் மைக் அறிவிப்பு மட்டுமா இருக்கிறது? கண்டக்டர் படிக்கட்டில் நின்று "பாண்டி பாண்டி பாண்டி" என்று கூவுகிறாரே. அவர் யாரையும் தேடவில்லை, 'இந்தப் பஸ் இங்கே போகும், வேண்டியவர் ஏறலாம்' என்று சொல்கிறார். பஸ் நம்பர் தெரியாத பாட்டிக்கும் அது போதும்.

இன்றைய பிரிண்டர்கள், டி.வி.கள், ஸ்பீக்கர்கள் இப்படித்தான் கூவுகின்றன. 'நான் ஒரு பிரிண்டர், என் பெயர் இது, இப்போது என் ஐ.பி. இது.' இதற்குப் பெயர் எம்.டி.என்.எஸ். ஸ்டூவர்ட் செஷயர் என்ற ஆப்பிள் பொறியாளரின் முயற்சியில் வளர்ந்தது. 2002இல் மேக் கம்ப்யூட்டர்களில் வந்தது, 2013 பிப்ரவரியில் பொதுத் தரநிலை ஆவணமாக வெளியானது. 224.0.0.251 என்ற சிறப்பு முகவரிக்குச் செய்தி போனால், இந்தக் கூவலைக் கேட்க விருப்பமுள்ள கருவிகள் எல்லாம் கேட்டுக்கொள்ளும். போனில் யூடியூப் பார்க்கும்போது மூலையில் டி.வி. படம் வருகிறதே, அதன் பின்னால் இருப்பதும் இதே கூவல்தான்.

ஆக, போன் பிரிண்டரைப் பெயரால் தேடியது. நம்பர் மாறியது அதற்குப் பிரச்சினையே இல்லை. கம்ப்யூட்டரில் செட் செய்தவர் நம்பரை வைத்துக் கட்டிவிட்டார். பிள்ளைகள் படிவங்களை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப, நான் ஒவ்வொன்றாக பிரிண்ட் கொடுத்தேன். ஒன்பதரைக்குள் வரிசை முடிந்தது. கடைசிப் பெண் கையெழுத்துப் போடும்போது பேனா மை தீர்ந்ததுதான் அன்றைய கடைசி டென்ஷன்.

ஹவாய் தீவும் வில்லியனூரும்

பொது வெளியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கூவி வேலையை முடிப்பது என்ற யோசனைக்கு வயது அதிகம். 1971இல் ஹவாய் பல்கலைக்கழகம், தீவுகளுக்கு இடையே கேபிள் இழுக்க முடியாததால், ரேடியோ வழியாகக் கம்ப்யூட்டர்களை இணைத்தது. அலோஹாநெட் என்று பெயர். எல்லோருக்கும் பொதுவான அலைவரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதினால் கொஞ்சம் பொறுத்து மறுபடி பேசுவது. அதைப் படித்த ராபர்ட் மெட்காஃப், 1973 மே மாதம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஈதர்நெட்டுக்கான குறிப்பை எழுதினார். ஆமாம், சித்தப்பா கடை போர்டில் இருக்கிற அதே ஜெராக்ஸ். இன்று ஆபீஸ்களில் நாம் செருகும் லேன் கேபிளுக்கு மூலம் அது.

ரேடியோவில் ஊர்களை இணைத்த கதை நம் பக்கத்திலேயே உண்டு. விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதையில் வரும் வில்லியனூரை மையமாக வைத்து, 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களை ஆரம்பித்தது. கனடாவின் ஐ.டி.ஆர்.சி. நிதி உதவியது. கிராமத்தில் போன் லைனை நம்ப முடியாத காலம். அதனால் போன் லைனோடு வி.எச்.எஃப். ரேடியோவையும் சேர்த்து கிராமங்களை வில்லியனூரோடு கோத்தார்கள். மையத்தில் சேர்க்கும் தகவல் எம்பலம், கீழூர் மாதிரியான ஊர்களுக்குப் போகும். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு முக்கியமாக வேண்டியது கடல் நிலவரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, அதை ஊரில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்.

அந்தக் கடைசிக் கட்டத்தை யோசித்துப் பாருங்கள். ரேடியோவிலும் போனிலும் வந்த தகவல், மணலில் வலை பின்னிக்கொண்டிருப்பவரை எட்ட அவருடைய முகவரி தேவைப்படவில்லை. குழாய் ஸ்பீக்கர் போதும். பிளம்மர் கம்ப்யூட்டருக்கு எழுதியதும் அதேதான்.

லிஸ்டில் வந்த 'ஸ்கேன்' ஃபோல்டர்

வரிசை முடிந்தது என்றேன். எனக்கு நிஜமாக வியர்த்தது அதற்குப் பிறகுதான்.

கம்ப்யூட்டரைச் சரி செய்ய என் லேப்டாப்பைக் கடை வைஃபையில் போட்டேன். விண்டோஸில் 'நெட்வொர்க்' என்று ஒரு ஐகான் இருக்கும். அழுத்தினேன். சித்தப்பாவின் இரண்டு கம்ப்யூட்டரும் பெயரோடு வந்தன. ஒன்றுக்குள் 'ஸ்கேன்' என்று ஒரு ஃபோல்டர். திறந்தேன். பாஸ்வேர்ட் கேட்கவில்லை.

ஆதார் கார்டுகள். ரேஷன் கார்டுகள். பேங்க் பாஸ்புக் முதல் பக்கங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ்கள், யாரோ ஒருவரின் கையெழுத்து மட்டும் தனியாக. இரண்டு வருஷத்துக்கு உரியது. ஆயிரக்கணக்கில்.

"இதெல்லாம் ஏன் சித்தப்பா இங்க இருக்கு?"

"ஸ்கேன் பண்ணா அங்கதாம்மா விழும். அந்த தம்பி அப்படித்தான் செட் பண்ணிட்டுப் போச்சு."

அந்தத் தம்பியைக் குறை சொல்லவும் முடியவில்லை. மெஷின் ஸ்கேன் செய்ததை நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டரில் வைக்க வேண்டும் என்றால் ஒரு ஷேர் ஃபோல்டர் தேவை. பாஸ்வேர்ட் வைத்தால் சில நேரம் மெஷின் முரண்டு பிடிக்கும். அதனால் 'எல்லோரும் எழுதலாம், எல்லோரும் படிக்கலாம்' என்று திறந்துவிட்டிருக்கிறார். வைஃபை பாஸ்வேர்டோ கடைச் சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறது. பக்கத்து டீக்கடைக்கும் சிக்னல் வரும். டீ குடித்துக்கொண்டே எந்த ஹேக்கிங்கும் தெரியாத ஒருவர் ஐகானை அழுத்தினால் போதும், பாதி திண்டிவனத்தின் ஆதார் கார்டு கைக்கு வரும்.

லோக்கல் நெட்வொர்க் என்பது ஒருவரையொருவர் நம்புகிறவர்களுக்காக உருவானது. 1982இல் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிற பத்துக் கம்ப்யூட்டருக்கு 'நான்தான் அது' என்று சொன்னால் நம்பலாம். சுவரில் பாஸ்வேர்ட் ஒட்டிய கடையில் அந்த நம்பிக்கைக்கு என்ன மதிப்பு?

இதை வைத்து உலகமே அடிவாங்கியிருக்கிறது. 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை ரான்சம்வேர், 150க்கும் மேற்பட்ட நாடுகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. அது நுழைந்த வழி, விண்டோஸில் ஃபோல்டரையும் பிரிண்டரையும் ஷேர் செய்யும் எஸ்.எம்.பி. என்ற ஏற்பாட்டின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை. மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், அதற்கான அப்டேட்டைக் கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அடுத்த மாதம் 27ஆம் தேதி நாட்பெட்யா வந்தது. ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததும், அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க அது புரட்டியவற்றில் ஒன்று, நாம் மேலே பார்த்த ஏ.ஆர்.பி. ஞாபகப் பட்டியல். கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் முடங்கியது, அதன் கையில் இருந்த மும்பை ஜே.என்.பி.டி. துறைமுக முனையம் ஒன்றும் சேர்ந்து நின்றது.

கடையில் என்ன மாற்றினோம்?

பிரிண்டர் பிரச்சினைக்கு மருந்து சின்னது. ரவுட்டர் செட்டிங்ஸில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று இருக்கும். பிரிண்டரின் மேக் முகவரியைப் போட்டு, 'இவர் எப்போது வந்தாலும் 192.168.1.200தான்' என்று எழுதிவிட்டேன். இது கரண்ட் போனாலும் மறக்காது. கம்ப்யூட்டர்களிலும் அதே நம்பரை மாற்றினேன். சிலர் பிரிண்டர் மெனுவில் போய் கையாலேயே ஐ.பி.யை அடித்துவிடுவார்கள். செய்யலாம், ஆனால் ரவுட்டருக்கு அது தெரியாது. அதே நம்பரை வேறு போனுக்குக் கொடுத்துவிட்டால் ஒரே ரூமுக்கு இரண்டு பேர். 'ஐ.பி. கான்ஃப்ளிக்ட்' என்று வரும் மெசேஜ் பெரும்பாலும் அதுதான்.

இதே ரிசர்வேஷனை உங்கள் போனுக்குச் செய்தால் ஒன்று கவனியுங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன. ஒரே மேக்கை வைத்து நீங்கள் எந்த மாலுக்கு, எந்தக் கடைக்குப் போனீர்கள் என்று பின்தொடரக் கூடாது என்பதற்காக வந்த வசதி. நல்லதுதான். ஆனால் 'இந்த மேக் வந்தால் மட்டும் உள்ளே விடு' என்று ரவுட்டரில் பூட்டுப் போட்டு நிம்மதியாக இருந்தவர்களுக்கு அந்தப் பூட்டு இனி பூட்டு இல்லை.

அடுத்தது ஃபோல்டர். கம்ப்யூட்டரில் பிரிண்டருக்கென்று தனியாக ஒரு யூசர், அதற்கு ஒரு பாஸ்வேர்ட். அந்த யூசர் மட்டும் 'ஸ்கேன்' ஃபோல்டரில் எழுதலாம். மெஷின் நான்கு முறை முரண்டு பிடித்தது, ஐந்தாவது முறை ஒத்துக்கொண்டது. பழைய ஃபைல்களை எல்லாம் அழித்தோம். "ரெகுலர் கஸ்டமர் கேப்பாங்களேம்மா, போன வாட்டி எடுத்தது இருக்கான்னு" என்று சித்தப்பா கொஞ்சம் தயங்கினார். நான் விடவில்லை.

மூன்றாவதாக, வாடிக்கையாளர்களுக்கு 'கெஸ்ட்' வைஃபை. பெரும்பாலான ரவுட்டர்களில் இருக்கும், யாரும் ஆன் செய்வதில்லை. அதில் சேர்பவர் இன்டர்நெட் போகலாம். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரையோ, பக்கத்தில் நிற்பவர் போனையோ பார்க்க முடியாது. ஒழுங்காக அமைத்த பொது வைஃபை எல்லாம் இப்படித்தான் இருக்கும். ஒரே பிளாட்பாரத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தாலும் ஆளுக்கு ஒரு தனி அறை, எல்லா அறையிலிருந்தும் வாசலுக்கு மட்டும் ஒரு கதவு. லாட்ஜ் வைஃபையில் டி.வி.க்கு வீடியோ காஸ்ட் செய்ய முடியவில்லை என்று நீங்கள் திட்டியிருந்தால், காரணம் பெரும்பாலும் இந்தத் தடுப்புதான்.

உங்கள் வீட்டில் பார்க்க வேண்டுமா? விண்டோஸில் 'நெட்வொர்க்' ஐகானை ஒருமுறை அழுத்துங்கள். ஷேர் செய்ததாக ஞாபகமே இல்லாத ஏதாவது ஃபோல்டர் தெரிகிறதா? வெளியிடத்து வைஃபையில் சேரும்போது விண்டோஸ் 'பப்ளிக்கா, பிரைவேட்டா' என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பப்ளிக். அப்போது உங்கள் லேப்டாப் மற்றவர்கள் லிஸ்டில் தலைகாட்டாது.

புதிய ஐ.பி. பதிப்பு 6 வந்து இதையெல்லாம் மாற்றாதா என்று ஆபீஸில் ஒரு நண்பர் கேட்டார். ஓரளவுக்கு. அதில் ஏ.ஆர்.பி. கிடையாது, 'நெய்பர் டிஸ்கவரி' என்று ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. எல்லோர் காதிலும் கூவாமல் ஒரு சிறு கூட்டத்தை மட்டும் கேட்கும். ஆனால் 'நான்தான்' என்றால் நம்பிவிடும் குணம் அதிலும் இருக்கிறது.

கடையை மூடும்போது மணி பதினொன்று. பிரிண்டர் தலையில் சித்தப்பா ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, '192.168.1.200 – மாத்தக் கூடாது' என்று மார்க்கரில் எழுதினார். சுவரில் இருந்த பழைய வைஃபை பாஸ்வேர்ட் பேப்பரைக் கிழித்துவிட்டு, கெஸ்ட் பாஸ்வேர்டைப் புதிதாக எழுதி ஒட்டினார். பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, நெட்டு போயிடுச்சு?" என்று கேட்டார்.